சத்தம் நின்ற பிரேக்

மார்கிதா பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நிற்கவில்லை. விரல்கள் வலிக்கிற அளவுக்கு இரண்டு கைகளாலும் இறுக்கினாள். பிடி என்னவோ கல்லைப்போல இறுகியது. சக்கரங்கள் மட்டும் அதைக் காதில் வாங்காமல் தம்பாட்டுக்கு உருண்டன. முன்னால் பாதை இடப்பக்கம் மடங்கி, பீச் மரங்களுக்கு நடுவே கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அந்த மடக்கில் திரும்ப முடியாது என்று தெரிந்த கணத்தில், ஐம்பத்து நான்கு வயது உடம்பு யோசிக்காமல் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தது: மெத்தென்று இருக்கிற பக்கமாகப் பார்த்து விழுந்தது. காட்டு ராஸ்பெர்ரிப் புதர். முள் கிழித்தது, ஆனால் எலும்பு எதுவும் உடையவில்லை. பந்தயத்தில் அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் வேகம் குறைத்து, "ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார்கள். "இல்ல, இல்ல, நீங்க போங்க" என்றாள். அவர்கள் போன பிறகு காட்டில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் வருகிறவர்களுக்குப் பின்னால் யார் இருக்கப்போகிறார்கள்?

சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்து டிஸ்க்கை விரலால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. மோந்து பார்த்தாள். எண்ணெய். செயினுக்குப் போடுகிறது கூட இல்லை, கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய். பின்சக்கரத்திலும் அதே வாசம். அப்போதுதான் நேற்றுச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், சமையலறை வாசலில் நின்றபடியே அவள் கணவன் அலோய்ஸ் சொல்லியிருந்தான்: "உன் சைக்கிள் ஒரே கத்தல். நான் பாத்துட்டேன்." அவள் "ம்" என்று சொல்லியிருந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. காலையில் வீட்டிலிருந்து பந்தயம் கிளம்பும் சதுக்கத்துக்குச் சமதரையில் வரும்போது, லேசாகத் தொட்ட பிரேக் சத்தமே போடவில்லை. எவ்வளவு அமைதி என்று சந்தோஷம்கூடப் பட்டாள். கிளம்பின இடத்திலிருந்து பதினொரு கிலோமீட்டரும் ஏற்றம்தானே, பிரேக்கைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை. கோபம் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுவரை வந்தது. திட்டுவதற்குத்தான் ஆள் பக்கத்தில் இல்லை.

அவள் ஊரான லிபோவ்னாவில் பாதிப் பெண்களின் வாழ்க்கை மார்கிதாவுடையது மாதிரிதான். இரண்டு வாரம் ஆஸ்திரியாவில், யாரோ ஒரு முதியவரின் வீட்டில், அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை எண்ணிக் கொடுத்து. இரண்டு வாரம் இங்கே. மார்கிதாவுக்கு இது பதினோராவது வருடம். அவள் பார்த்துக்கொள்கிற பிஹ்லர் அம்மாளுக்குத் தொண்ணூற்றொரு வயது. தினமும் காலையில் இவளைத் தன் செத்துப்போன தங்கை பெயரைச் சொல்லி, "ரெஸி" என்று கூப்பிடுவாள். அந்த அம்மாளின் பிள்ளைகளுக்கு இவள் "நம்ம ஸ்லொவாக்கியாக்காரி". ஊருக்குத் திரும்பி வந்தால், கடைக்காரி முதல் பாதிரியார் வரை கேட்பது ஒன்றே ஒன்று: "மறுபடி எப்போ போறே?" வீட்டிலும் ஒவ்வொரு முறையும் ஏதாவது இடம் மாறியிருக்கும். அவள் காப்பிக் கோப்பை மேல் அலமாரிக்குப் போயிருக்கும். நாற்காலியில் செய்தித்தாள்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். அலோய்ஸ் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, பாவம். பேச்சு என்பது புழங்கப் புழங்கத்தானே வரும். பிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டுவதோடு அவர்களுக்குள் முடிந்துபோனது: பால் வாங்கியாச்சு. மின்சாரத்துக்காரன் வியாழக்கிழமை வர்றான்.

முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது சைக்கிள். அந்த முதல் திரும்பலில் வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல்தான் மலைக்கு மிதிக்க ஆரம்பித்தாள். மறு வருடமே இந்தப் பந்தயத்தில் பெயர் கொடுத்தாள். அறுபது கிலோமீட்டர், தாழ் தாட்ரா மலைத்தொடரின் முதுகில் ஏறி இறங்குவது. வென்றதில்லை, வெல்லப்போவதும் இல்லை. ஆனால் ஒன்பது வருடமும் நேரத்துக்குள் முடித்திருக்கிறாள். பத்து முறை முடித்தவருக்கு நிரந்தர எண் உண்டு. எண்ணுக்குக் கீழே பெயரை அச்சடித்துக் கொடுப்பார்கள். வந்தாலும் வராவிட்டாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் தரமாட்டார்கள்; வருடா வருடம் அது அவருக்காக ஒரு பெட்டியில் காத்திருக்கும். தனக்காகக் காத்திருக்கிற பொருள் உலகத்தில் ஒன்றாவது இருக்கட்டும் என்று மார்கிதாவுக்கு ஆசை. இந்தச் சனிக்கிழமைக்காக, தன்னோடு மாறி மாறி அங்கே வேலை பார்க்கிற ஹெலாவோடு முறை மாற்றி, நாளை விடியற்காலை வண்டியில் கிளம்புவதாகச் சொல்லி வைத்திருந்தாள். போட்டிக்குப் போன் கொண்டுவருவதில்லை. வருடத்தில் ஒரு நாளாவது யாரும் கூப்பிட முடியாத இடத்தில் இருக்கவேண்டும் அவளுக்கு.

சரிவு முழுவதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் பறந்த இறக்கம் அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அடிவாரத்து ஆட்டுப்பட்டியில்தான் முதல் உணவுப் பந்தல். பெரிய கொப்பரையில் கூலாஷ் இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாவ்ரோ கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். தீயணைப்புத் தொண்டர் படையில் சமையல் என்றால் அவன்தான். வயிறே அதற்குச் சாட்சி சொல்லும்.

"என்ன மார்கிதாக்கா, நடைப்பயணமா? மாதா கோயில் அந்தப் பக்கம்."

"பிரேக்குல எண்ணெய். சாராயம் இருக்கா வாவ்ரோ?"

"இருக்கான்னு கேக்கறியே, வேற என்ன இருக்கு எங்கிட்ட?" இடுப்பிலிருந்து தட்டைப் பாட்டிலை எடுத்தான். "மாமனார் காய்ச்சினது. பிளம். அம்பத்திரெண்டு சதம். ஒரு மடக்குதான், மேல ஏறணும் நீ."

அவள் பாட்டிலை வாங்கி, கைக்குட்டையில் கவிழ்த்து, டிஸ்க்கைத் துடைக்க ஆரம்பித்தாள். வாவ்ரோவின் முகம் கொப்பரைக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி ஆனது.

"அக்கா. அது மனுசன் குடிக்கிறது."

"இன்னிக்கு சைக்கிள் குடிக்கட்டும்."

"மாமனார் கேட்டா என்ன சொல்லுவேன்? மூணு வருசம் பீப்பாயில கிடந்தது. உன் புருசன்கிட்ட வாங்கித் தா, அவன்தானே பண்ணினான்?"

"உனக்கு யாரு சொன்னது?"

"பிரேக்குக்கு எண்ணெய் போடுறது இந்த ஊருல வேற யாரு? போன மாசம் சர்ச்சு மணி கிரீச்சுங்குதுன்னு ஏறி எண்ணெய் விட்டாரு. மணியடிக்கிற கெழவன் கயிறு வழுக்கி உக்காந்துட்டான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மார்கிதாவுக்கும் சிரிப்பு வந்தது, வேண்டாம் என்று அடக்கினாள். ஆறுமுனைச் சாவியால் பிரேக் கட்டைகளைக் கழற்றி, வாவ்ரோவின் குறடால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொப்பரைக்கு அடியில் தீயில் காட்டினாள். நான்கு சின்னச் சில்லுகள், ஒரு கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. முதலில் நுரைத்தது, பிறகு நீலமாக ஒரு புகை கிளம்பியது. குடித்த எண்ணெயைக் கட்டைகள் கக்கின. ஆறினதும் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பழுப்பை எடுத்தாள். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது மனசு வேறெங்கோ போனது. சைக்கிள் கத்துவது அவனுக்குத் தெரிய வழியே இல்லையே. நிலவறையில் இரண்டு வாரமாகத் தூங்குகிற சைக்கிளை வெளியே எடுத்து, உருட்டிப் பார்த்து, அது கத்துவதைக் கேட்டு, முழங்கால் வலியோடு குனிந்து உட்கார்ந்திருக்கிறான். ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட அவள் சைக்கிளை அவன் தொட்டதில்லை. பந்தயம் எப்படி இருந்தது என்று கேட்டதும் இல்லை. நெஞ்சில் நின்ற கோபத்துக்கு இப்போது எங்கே போவது என்று தெரியவில்லை. அங்கேயே கிடந்து வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது.

மறுபடி ஏறி உட்கார்ந்து பிரேக்கைச் சோதித்தாள். கிரீச்சென்று பட்டி ஆடுகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. நின்றது.

"பாட்டு வந்துருச்சு," என்றான் வாவ்ரோ. "மணி பதினொண்ணே கால். மேல குடில்ல ஒண்ணரைக்குக் கதவ மூடுறாங்க, அப்புறம் வந்தா போட்டியில இல்ல. ஓடு."

பந்தலை விட்டுக் கிளம்பும்போது கடைசி ஆள் அவள்தான். அவளுக்குப் பின்னால் ரூடோ கிளம்பினான். வழியைக் கூட்டி முடிக்கிறவன் என்பதற்கு அடையாளமாக முதுகில் பிர்ச் விளாறுத் துடைப்பம் ஒன்றைக் கட்டியிருந்தான். கடைசியில் வருகிறவரைத் தொடர்ந்து வந்து, வழிகாட்ட மரங்களில் கட்டியிருக்கும் ஆரஞ்சு ரிப்பன்களை வெட்டி எடுத்துக்கொண்டே போவது அவன் வேலை. அவனுக்கு நாற்பது வயதிருக்கும், சனிக்கிழமைகளில் யாரும் வேண்டாத வேலைகளைச் செய்கிற நல்ல மனசுக்காரன். அவள் கடந்துபோன ஒவ்வொரு மரத்திலும் அவன் நிற்பான். கத்தரி ஒரு சின்னச் சத்தம் போடும். அதோடு அந்த இடத்தில் பந்தயம் நடந்ததற்கு அடையாளமே இருக்காது. திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நேரத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை முப்பத்து நாலாவது கிலோமீட்டர் வரை இருந்தது. அங்கே மரம் வெட்டியவர்கள் கிளைகளைப் பாதையிலேயே விட்டிருந்தார்கள். மெதுவாகத் தாண்டியிருக்கலாம். அவள் மெதுவாகப் போகவில்லை. ஒரு குச்சி துள்ளி எழுந்து பின்சக்கரத்துக்குள் புகுந்தது. சடக்கென்று ஒரு முறிவு. பார்த்தால், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற கியர் மாற்றி, அதைத் தாங்குகிற சின்ன அலுமினியக் காது உடைந்து, வெட்டுப்பட்ட கோழி மாதிரி செயினில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காதுக்கு மாற்று ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். எடுத்தாள். வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. மூன்று வருடம் முன்பு விற்ற பழைய சைக்கிளுடையது அது. புது சைக்கிள் வாங்கியபோது பையில் இருந்த மற்றதையெல்லாம் மாற்றினாள், இதை மாற்றவில்லை. இந்த மூன்று வருடமும் பொருந்தாத ஒன்றைத்தான் மலைமேல் பத்திரமாகச் சுமந்துகொண்டு ஏறி இறங்கியிருக்கிறாள்.

ரூடோ வந்து நின்றான். தொங்குகிற செயினைப் பார்த்தான்.

"வயர்லெஸ்ல சொல்லட்டுமாக்கா? ஜீப்பு வரும்."

"வேண்டாம்."

"வெயில் ஏறிடுச்சு."

"தெரியும் ரூடோ. அந்தப் பக்கத்த இழுத்துப் பிடி."

கியர் மாற்றியை மொத்தமாகக் கழற்றிப் பைக்குள் போட்டாள். செயினில் பதினைந்து கண்ணிகளைப் பிரித்து எடுத்து, மிச்சத்தை நடுவில் இருக்கிற ஒரே பல்சக்கரத்துக்கு நேராக இழுத்துக் கோத்தாள். பதினொரு கியர் இருந்த சைக்கிள், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஒரே கியர் சைக்கிளாக நின்றது.

"எங்க அம்மா காலத்து சைக்கிள் இப்படித்தான் இருந்துச்சு," என்றான் ரூடோ. "அதுல உருளைக்கிழங்கு மூட்டை வேற ஏத்திட்டு வருவா."

"உங்க அம்மா என்னவிடப் பலசாலி."

"பலசாலி இல்ல. அவளுக்குப் பின்னால துடைப்பத்தோட யாரும் வரல, அவ்வளவுதான்."

ஒரே கியரில் சமதரையில் போகலாம், லேசான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கலாம். குடிலுக்குப் போகிற கடைசி நான்கு கிலோமீட்டர் லேசான ஏற்றம் இல்லை. நாற்பது மிதி மிதித்தாள், நூறு எட்டு நடந்து தள்ளினாள். ஃபர் மரங்கள் குட்டையாகி, புல்வெளி ஆரம்பித்து, காற்று வியர்வையைச் சில்லென்று தொட்டது. ரூடோ பின்னால் சைக்கிளில் வர முடியாத அளவுக்கு மெதுவாகப் போனாள். அவனும் இறங்கித் தள்ளினான். ஒரு இடத்தில் கேட்டான்: "இந்த எண்ணு கெடைக்கலேன்னா அடுத்த வருசம் வாங்கிக்கலாமே அக்கா?" அவள் குனிந்து சைக்கிளைத் தள்ளினாள். பிஹ்லர் அம்மாளின் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள், இந்த இலையுதிர் காலத்திலிருந்து முழுசாக அங்கேயே தங்க முடியுமா என்று. இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அலோய்ஸிடமும் சொல்லவில்லை. அதைப் பிரிட்ஜ் கதவில் எப்படி எழுதுவது?

குடில் கண்ணில் பட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சைக்கிள் ஓட்டுகிற ஷூவில் ஓட்டம் வராது. அதன் அடியில் இருக்கிற ஆணி கல்லில் வழுக்கும். மேஜைக்குப் பின்னால் பள்ளிக்கூட ஆசிரியை பிளாங்கா பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். மார்கிதாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த எழுந்து நின்ற விதத்திலேயே மார்கிதாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ஆறு நிமிஷம்."

"ஆறு."

"ஒண்ணு ரெண்டுன்னா நான் கடிகாரத்தப் பாத்திருக்க மாட்டேன் மார்கிதா. சத்தியமா. போன வருஷம் ஒருத்தர நாலு நிமிஷத்துக்குத் திருப்பி அனுப்பினேன், அவரு இங்க உக்காந்து அழுதாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். சரிதான்."

பிளாங்கா குனிந்து, அளவுகோல் வைத்து, பட்டியலில் ஒரு பெயரின் மேல் கோடு போட்டாள். அவள் குழந்தைகளின் கணக்கு நோட்டுக்கும் அளவுகோல் வைத்துத்தான் கோடு போடுவாள். நேரம் கணக்கிட மார்கிதாவின் காலில் கட்டியிருந்த சில்லைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். குடிலுக்குப் பின்னால் ஜீப் நின்றிருந்தது, ஓட்டுபவர் ரொட்டியில் ஆட்டுப்பாலாடைக்கட்டி தடவித் தின்றுகொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் சதுக்கத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். கதகதப்பாக ஒரு போர்வைகூட இருந்தது.

"நான் மிதிச்சே போறேன்," என்றாள் மார்கிதா.

"கீழ ரிப்பன் எடுக்கிறவங்க ஒண்ணரைக்கே கெளம்பிட்டாங்கக்கா," என்றான் ரூடோ. "வழி இருக்காது."

"வழி எங்க போகும்? ரிப்பன்தான் போயிருக்கும்."

பிளாங்கா ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். போட்டியிலிருந்து விலகினேன், இனிப் போவது என் சொந்தப் பொறுப்பில். மார்கிதா கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் தெளிவாக, நிறுத்தி எழுதினாள். ரூடோ சாக்லேட் ஒன்றை அவள் பையில் திணித்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை.

பத்தொன்பது கிலோமீட்டர். ஒன்பது வருடமும் இந்தப் பாதையில் முன்னால் ஒரு முதுகு இருந்தது, பின்னால் ஒரு மூச்சிரைப்பு இருந்தது. இன்று இரண்டும் இல்லை. எந்தக் கிளைப்பாதையில் திரும்ப வேண்டும் என்பதைக் கண் சொல்லவில்லை, தோள் சொன்னது. தோள் தானாகச் சாய்ந்த பக்கம் போனாள். பல பேர் போன டயர்த் தடங்கள் ஈரமண்ணில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓடை ஒன்றில் இறங்கி முகம் கழுவினாள். பிரேக் கத்தியது. ஒவ்வொரு மடக்கிலும் கத்தியது. எதிர்ச்சரிவில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. யாருமில்லாத காட்டில் அது ஒன்றுதான் அவளோடு பேசிக்கொண்டு வந்தது. அழவேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. வெறுமையாக, சுத்தமாக இருந்தது, பாத்திரமெல்லாம் கழுவி வைத்த சமையலறை மாதிரி. ஒரு இடத்தில் வாய்விட்டே பேசிப் பார்த்தாள்: "அலோய்ஸ், நீ எண்ணெய் போட்டது..." அதற்கு மேல் எப்படிப் போவதென்று தெரியவில்லை. திட்டாகவும் வரவில்லை, நன்றியாகவும் வரவில்லை. இன்னொரு முறை ஆரம்பித்தாள். காடு முடிந்து முதல் வீடு வந்துவிட்டது.

சதுக்கத்துக்கு வந்தபோது மணி நாலரை. மேஜைகள் போயிருந்தன. காகிதக் கோப்பைகளை ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தார். முடிவுக் கோட்டின் மேல் நின்றிருக்க வேண்டிய காற்றடைத்த வளைவு, மோட்டார் அணைக்கப்பட்டு, தெருவுக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. மூன்று இளைஞர்கள் அதன் மேல் நடந்து மிதித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அசலூர்க்காரர்கள், வாடகைக்கு எடுத்த சாமானோடு வந்தவர்கள்.

"சுத்திப் போங்கம்மா, இது முடிஞ்சிருச்சு," என்றான் ஒருவன். பிறகுதான் அவள் ஹேண்டில்பாரில் எண்ணைப் பார்த்தான். "நீங்க போட்டியில இருந்தீங்களா? எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னாங்களே."

"நான் பட்டியல்ல இல்ல."

"ஓ." அவன் இன்னொருவனைப் பார்த்தான். "டேய், அந்த ஆளு கேட்டாரே, இவங்களத்தானா?"

"எந்த ஆளு?" என்றாள் மார்கிதா.

"வயசானவரு. சாம்பல் தொப்பி, ஒரு காலு கொஞ்சம் இழுத்து நடந்தாரு. ஒரு மணியிலேருந்து இந்தக் கம்பிகிட்டயே நின்னாரு. யாராவது வந்தா கிட்டப் போயி மூஞ்சியப் பாப்பாரு. மூணு மணிக்கு மேல எங்ககிட்ட வந்து, இன்னும் யாராவது மேல இருக்காங்களான்னு கேட்டாரு. மைக்குக்காரரு பட்டியலப் பாத்துட்டு, இல்ல, மேல யாரும் இல்ல, எல்லாரும் இறங்கியாச்சுன்னாரு."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் நின்னாரு. தொப்பியக் கழட்டி மறுபடி போட்டாரு. அப்புறம் போயிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

இளைஞன் கையைத் தூக்கினான், எந்தப் பக்கமும் நீட்டாமல் இறக்கினான். கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

மார்கிதா சைக்கிளை விளக்குக் கம்பத்தில் சாய்த்தாள். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். போகவேண்டும். ஒன்பது வருடத்தில் அலோய்ஸ் இங்கே வந்து நின்றதே இல்லை.

"ஒரு உதவி பண்றீங்களாம்மா?" என்று வளைவின் மேலிருந்தே கேட்டான் மூன்றாமவன். "அந்த மூலையில கொஞ்சம் நிக்க முடியுமா? காத்து அங்கதான் போயி ஒளிஞ்சுக்குது. ஷூவக் கழட்டிட்டு, ஆணி குத்திடும்."

அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு துணிமேல் ஏறினாள். வெயில் காய்ந்த வெதுவெதுப்பு பாதத்தில் ஏறியது. கீழே ஏதோ மூச்சு விடுவது போல அமுங்கியது. ஒரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு. அவள் காலடியிலிருந்து காற்று ஒரு மேடாகக் கிளம்பி, பெரிய சிவப்பு எழுத்துக்களுக்கு அடியில் மெல்ல ஊர்ந்து, மூன்று பேரின் கால்களுக்கு நடுவே நழுவிப் போய், யாரும் நிற்காத மறுமூலையில் எழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.